உயரம் அறிந்து மரம் நடுவோம்



"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்ற வாசகத்தைச் சுவர்களில் படித்தும், ஊர்வலங்களில் முழங்கியும் வளர்ந்தவர்கள் நாம். அதில் குற்றம் காண்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் எந்த மரத்தை, எந்த மண்ணில், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நடுகிறோம் என்று கேளாமல் நடுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றதாகும். இந்த உண்மையை நாங்கள் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆறு சைப்ரஸ் கன்றுகளைச் சாகக் கொடுத்த பிறகே தெரிந்துகொண்டோம்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஏற்காட்டுக்குச் சுற்றுலா சென்றோம். அங்கே ஒரு நாற்றங்காலில், கோபுரம் போல் கூம்பி நின்ற சைப்ரஸ் கன்றுகளைக் கண்டதும் எங்களுக்கு ஆசை பொங்கியது. வாழ்த்து அட்டைகளில் காணும் கிறிஸ்துமஸ் மரமே உயிரோடு நிற்பதாகத் தோன்றியது. கைச்செலவுக்கு வைத்திருந்த காசையெல்லாம் ஒன்று சேர்த்து ஆறு கன்றுகள் வாங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டே இறங்கினோம். பள்ளி முற்றத்தில் குடில் அமைக்கும் இடத்துக்குப் பின்னால் வரிசையாக நட்டோம். அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு நடுக்கன்றின் உச்சியில் விண்மீன் கட்டியபோது எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

தை மாதம் வரை கன்றுகள் பச்சையாகவே இருந்தன. மாசியில் நுனி பழுத்தது. பங்குனியில் பாதி உடல் பழுப்பாயிற்று. விடுமுறையில் முறை வைத்துக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினோம். ஓலைத் தட்டி கட்டி நிழல் செய்தோம். அப்படியும் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஆறும் துடைப்பக் குச்சிகளாக நின்றன. "உன் முறையில்தான் நீ தண்ணீர் ஊற்றவில்லை" என்று ஒருத்தியை ஒருத்தி குற்றம் சாட்டிக்கொண்டோம். இரண்டு தோழியர் ஒரு வாரம் பேசாமலும் இருந்தார்கள்.

எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரத் தாத்தா சிரித்தார். "யார் மேலயும் தப்பு இல்ல கண்ணு. மலைக் குளிர்ல பொறந்த பிள்ளைய கொண்டாந்து அடுப்பு மேட்டுல உட்கார வெச்சா அது எப்படிப் பொழைக்கும்? அதோ பாருங்க, யாரும் தண்ணி ஊத்தாமலே நிக்குது" என்று வேலியோரத்தைக் காட்டினார். அங்கே ஒரு துரிஞ்சிச் செடி இடுப்பளவுக்கு வளர்ந்து, புது இலை விட்டுக்கொண்டிருந்தது. அதை நாங்கள் இரண்டு முறை முள்ளோடு சேர்த்து வெட்டி எறிந்தவர்கள்!

அந்தச் சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டோம், நூலகத்தில் தேடினோம். உயரம் என்ற ஒன்று மரத்தின் வாழ்வை எவ்வளவு ஆள்கிறது என்று அறிந்தபோது வியந்தோம்.

கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. சேலம் நகரம் ஏறக்குறைய 278 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர். இடையே உள்ளது 1,237 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் எட்டு டிகிரி வருகிறது. சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும் நாளில் ஏற்காட்டில் 30 டிகிரி! பேருந்தில் ஒரு மணி நேரம் ஏறும் நமக்கு அது ஒரு சால்வை வேற்றுமை. நின்ற இடத்தை விட்டு நகர முடியாத மரத்துக்கோ அது உயிர் வேற்றுமை.

வெப்பத்தோடு மற்றவையும் மாறுகின்றன. தருமபுரி மாவட்டத்துச் சமவெளியில் ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். ஏற்காட்டில் அது 1,500 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகப் பொழிவதே இதற்குக் காரணம். மேலே மூடுபனி இலைகளை நனைக்கிறது. காற்றின் வேகம் மிகுகிறது. சரிவில் மண் அரித்துப் போவதால் வேர் பிடிக்கும் ஆழம் குறைகிறது. குளிரில் சருகுகள் மெதுவாகவே மட்குவதால் மரத்துக்குக் கிடைக்கும் தழைச்சத்தும் குறைகிறது.

எங்கள் சைப்ரஸ் ஏன் செத்தது என்று இப்போது புரிகிறது. நம் ஊர் வெயிலில் அதன் இலைகள் இழந்த நீரை, ஈடு செய்யும் வேகத்தில் வேர்களால் அனுப்ப முடியவில்லை. பகலில் இலை சமைத்த உணவையும், இரவிலும் தணியாத வெப்பத்தால் விரைந்த சுவாசம் செலவழித்துவிட்டது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் கதையே அதன் கதையும். நாங்கள் ஊற்றிய தண்ணீர் குறையவில்லை. குறைந்தது 1,000 மீட்டர் உயரம்.

மலை ஏறும்போது கண்ணைத் திறந்து பார்த்தால் இந்தப் பாடம் முழுவதும் வழியோரத்திலேயே எழுதியிருக்கிறது. மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் செல்லும் நாம், பொம்மிடிப் பக்கம் சேர்வராயன் மலையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். அடிவாரத்தில் இருப்பவை முட்காடுகள். துரிஞ்சி, வெள்வேல், இலந்தை, கள்ளி என எல்லாம் குட்டை. இலைகள் பொடிப்பொடியானவை. அவற்றுக்கு மேலே இலையுதிர் காடு தொடங்குகிறது. வேங்கை, மருது, கடுக்காய், மூங்கில் ஆகியவை அங்கே ஓங்கி வளர்கின்றன. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கின்றன. இன்னும் மேலே போனால் பசுமை மாறாத மரங்கள், அவற்றின் கிளைகளில் பாசியும் தொற்றுச் செடிகளும். அந்த உயரம் பொருந்தியதால்தான், 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் அறிமுகப்படுத்திய காப்பிச் செடி இன்றுவரை அங்கே நிலைத்திருக்கிறது. அடிவாரத்துப் புளியந்தோப்பில் அதே செடியை நட்டிருந்தால் அதன் கதி எங்கள் சைப்ரசின் கதிதான்.

"அப்படியானால் மேலே போகப் போக மரம் பெரிதாகிக்கொண்டே போகுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. விடை, "இல்லை" என்பதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை மிகுந்த தாழ்வான சரிவுகளில் 40 மீட்டர் உயர மரங்கள் உண்டு. ஆனால் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தின் சோலைக் காடுகளில் மரங்கள் பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. அடிமரம் முறுக்கேறியிருக்கும். கிளைகள் குடை போல் நெருங்கியிருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. உடம்பெல்லாம் பாசி. தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு மரத்தைப் பார்த்தால் காற்றோடு மல்லுக்கட்டி வளைந்த கிழவரைப் போல இருக்கும். ஆனால் பூக்கும் காலத்தில் அது அள்ளிச் சொரியும் சிவப்புக்கு ஈடில்லை.

ஆக, அடிவாரத்திலும் குட்டை, உச்சியிலும் குட்டை, நடுவிலே நெட்டை. அடிவாரத்து மரம் வறட்சியால் குட்டையாகிறது. உச்சியின் மரம் குளிராலும் காற்றாலும் குட்டையாகிறது. அடிவாரத்து இலை சிறுத்திருப்பது நீரை இழக்காமலிருக்க. உச்சியின் இலை சிறுத்துத் தடித்திருப்பது காற்றையும் குளிரையும் தாங்க. இரண்டுமே நோயல்ல, இரண்டும் அறிவு. இதுவே எங்கள் கட்டுரையின் மையக் கருத்து. தன் உயரத்தில் குட்டையாக நிற்கும் மரம் வளர்ச்சி குன்றிய மரம் அன்று. அந்த இடத்துக்குத் தேவையான அளவு வளர்ந்த மரம்.

உதகைப் பக்கத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. சோலை மரங்கள் பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் மட்டுமே கூட்டமாக நிற்கின்றன. சுற்றியுள்ள மேட்டுச் சரிவுகளெல்லாம் வெறும் புல்வெளி. மார்கழி, தை மாதங்களில் அங்கே நிலத்தில் உறைபனி விழுகிறது. திறந்த வெளியில் முளைத்த சோலை மரக் கன்று அந்த உறைபனியில் கருகிவிடும். புல்லோ மேலே கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே புல் ஓரிடமும் மரம் ஓரிடமும் பிடித்துக்கொண்டு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்ந்து 2018-இல் மலைகளை நீலமாக்கிய குறிஞ்சி அந்தப் புல்வெளியின் செல்வமே.

இமயத்துக்குச் சென்றால் இந்தப் படிக்கட்டு இன்னும் உயர்கிறது. அடியில் சால மரம், மேலே சீர் பைன், அதற்கும் மேலே தேவதாரு, கடைசியில் பூர்ஜ மரம். நம் முன்னோர் ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜ பத்திரம் அந்த மரத்தின் பட்டைதான். இடத்துக்கு இடம் மாறினாலும், ஏறக்குறைய 3,500 முதல் 4,000 மீட்டருக்கு மேல் அங்கே மரமே இல்லை. மரம் வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரிக்குக் கீழே போனால் மரம் என்ற வடிவமே நிலைக்காது என்று அறிவியலார் உலகின் பல மலைகளிலும் கண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் 1802-இல் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறி, எந்த உயரத்தில் எந்தத் தாவரம் என்று குறித்துக்கொண்டார். 1807-இல் அதை ஒரே படமாக வெளியிட்டார். அப்படம் இன்றும் போற்றப்படுகிறது.

ஆனால் தோழியரே, நிலத்துக்கு நிலம் மரம் மாறும் என்பதை நம்மவர் அதற்கும் வெகு காலம் முன்பே அறிந்திருந்தனர். மலையைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் அவ்வந்நிலத்துச் செடி, மரங்களின் பெயராலேயே அழைத்தனர். அந்தத் திணைப் பாகுபாட்டைத் தமிழ்த் தேர்வில் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், குறிஞ்சி நிலத்து மரத்தைக் கொண்டுவந்து மொரப்பூர் முற்றத்தில் நட்டோமே! படித்தது ஏட்டோடு நின்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எங்களைப் போலவே பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது வருத்தமே மிகுந்தது. நீலகிரியின் புல்வெளிகளைக் கண்ட ஆங்கிலேயர் அவற்றை வீண் நிலம் என்று எண்ணினர். 1843-இல் காப்டன் காட்டன் என்பவர் நீலத் தைல மரத்தை அங்கே கொண்டுவந்தார். விறகுக்காகத் தைல மரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரமும் புல்வெளியெங்கும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் அவ்வேலை பல்லாண்டு தொடர்ந்தது. இன்று வாட்டில் மரம் யாரும் நடாமலே பரவுகிறது. புல்வெளி சுருங்கிவிட்டது. பெய்த மழையைப் பஞ்சு போல் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொடுத்தவை அந்தப் புல்வெளியும் சோலையும். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட வேண்டியதாயிற்று. நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களும் பசுமையை விரும்பியே நட்டார்கள். உயரத்தைக் கேட்டார்கள், ஆனால் அந்த உயரத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "அந்தத் தைல மரம் நீலகிரியில் வானளாவ வளர்ந்துதானே நிற்கிறது? சோலை மரம் 15 மீட்டரில் நிற்க, அயல் மரம் அதைத் தாண்டி ஓங்குகிறதே! பிறகு உயரம் என்ன தடை?" என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி வாதாடினாள். அவள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் நீலத் தைல மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவின் தெற்கே குளிர்ந்த டாஸ்மேனியா. அந்தக் குளிர் நீலகிரியில் அதற்குக் கிடைத்தது. அதே மரம் நம் சமவெளியில் தேறாது. அதனால்தான் சமவெளியில் மைசூர்த் தைல மரம் என்னும் வேறு இனத்தை நடுகிறார்கள். ஒரே குடும்பத்தில்கூட மலைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. ஆகவே அவள் எடுத்துக்காட்டு எங்கள் கருத்தையே வலுப்படுத்துகிறது. மேலும், ஒரு மரம் ஓங்கி வளர்வதும் அது அந்த இடத்துக்கு நன்மை செய்வதும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரர் உடல் பெருத்திருக்கிறார் என்பதற்காக நம் வீட்டை அவருக்கு எழுதிக் கொடுப்போமா?

நம் ஊர்ப் பக்கம் நடப்பது இதன் மறுபக்கம். இங்குள்ள கரடுகளையும் முட்காடுகளையும் நாம் "பொட்டல்", "வெறுங்காடு" என்கிறோம். அங்கே குப்பை கொட்டுகிறோம், கல் உடைக்கிறோம், தீ வைக்கிறோம். ஆனால் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-இல் சாம்பியன், சேத் என்னும் இருவர் வெளியிட்ட பட்டியலில் நீலகிரிச் சோலைக்கு இடம் இருப்பது போலவே முட்காட்டுக்கும் தனி இடம் இருக்கிறது. அதுவும் காடுதான். வறண்ட தாழ்நிலத்துக்கு இயற்கை தைத்துக் கொடுத்த ஆடை அது. நாங்கள் வெட்டி எறிந்த துரிஞ்சியைப் பற்றி அம்மாமாரிடம் கேட்டபோது அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்பு அந்த மரத்தின் இலைதானாம்! வாரந்தோறும் நம் தலையில் ஏறுகின்ற மரத்தை நமக்கு அடையாளம் தெரியவில்லை. வாழ்த்து அட்டையில் பார்த்த மரம் தெரிந்திருந்தது.

தோற்றத்தைக் கொண்டு மரத்தை மதிப்பிடக்கூடாது என்பதற்குச் சந்தன மரமே போதும். அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலையும், அதற்கு வடக்கே சவ்வாது மலையும் சந்தனத்துக்குப் பெயர் பெற்றவை. பெரும்பாலும் 600 முதல் 1,000 மீட்டர் உயரமுள்ள, மிதமான மழை பெறும் சரிவுகள் அதற்கு உகந்தவை. கொழுத்த மண்ணும் மிகுந்த நீரும் கிடைத்தால் சந்தனம் விரைவாகத் தழைக்கும். ஆனால் அதன் வயிரத்தில் எண்ணெய் குறைவு என்பர் வனத்துறையினர். கல்லும் கரடுமான சரிவில் மெதுவாக, மெலிந்து வளரும் மரத்திலேதான் மணமிகுந்த வயிரம் ஏறுகிறது. வயிரம் தேறவே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். பார்வைக்கு நலிந்தது, உள்ளே மணப்பது! தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு மட்டும் எங்களை அளக்கும் பெற்றோர் இந்த வரியை இரண்டு முறை படிக்குமாறு வேண்டுகிறோம்.

இதெல்லாம் தாவரவியல் மாணவர்க்கு உரிய செய்தி, நமக்கென்ன என்று யாரேனும் நினைக்கலாம். நமக்கு இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறுதான் அணையில் தேங்கிப் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. மேலே உள்ள காடு நலிந்தால் கீழே கிணறு வற்றும். நம் வகுப்பிலேயே கிணற்றுப் பாசனத்தை நம்பிய வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! கிணறு வற்றிய ஆண்டில் அப்பா திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போக, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்ட தோழியும் எங்களுக்கு உண்டு. மலையுச்சியின் மரத்துக்கும் எங்கள் வகுப்பறையின் காலி இருக்கைக்கும் தொடர்பு உண்டு என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு கவலையும் உண்டு. உலகம் சூடேறி வருகிறது. வெப்பம் கூடினால் ஒவ்வொரு மரத்துக்கும் பொருத்தமான உயரம் மேலே நகர்கிறது. விதைகள் வழியாக மர இனங்களும் மெல்ல மெல்ல மேலே ஏற முயல்கின்றன. ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய 150 மீட்டர் ஏற வேண்டும் என்று மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் வருகிறது. இமயத்தில் ஏற இடம் உண்டு. நம் சேர்வராயன் மலையின் உச்சியோ ஏறக்குறைய 1,600 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. சித்தேரி, கல்வராயன், சவ்வாது என நம்மைச் சூழ்ந்த மலைகளெல்லாம் கடலில் மிதக்கும் தீவுகளைப் போலச் சமவெளியில் தனித்தனியே நிற்பவை. உச்சியில் வாழும் மரம் அதற்கு மேல் எங்கே ஏறும்? இந்த வெயிலைத் தாண்டி அடுத்த மலைக்கு எப்படிப் போகும்?

மேல்மட்டத்து மரங்கள் எவ்வளவு மென்மையானவை என்பதற்கு அண்டை நாடான இலங்கையும் சான்று. அங்கே 2,100 மீட்டர் உயரத்தை ஒட்டி அமைந்த ஹோர்ட்டன் சமவெளியின் மூடுபனிக் காடுகளில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து கூட்டமாகச் சாவது 1970-களில் கவனிக்கப்பட்டது. மண்ணின் குறை, வறட்சி, காற்றின் மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர் சொல்லி வருகின்றனர். தாழ்வில் உள்ள மரம் பிழைத்துக்கொள்ளும் சிறு மாறுதலும் உயரத்தில் உள்ள மரத்துக்குப் பெருந்துன்பமாகிறது என்பது மட்டும் தெளிவு.

ஆகவே எங்கள் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. நல்ல நோக்கம். அதற்குத் துணை நிற்க விரும்பும் நாம், எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையை மட்டும் பெருமையாக அறிவிக்கும் பழக்கத்தை விட வேண்டும். மலைச் சோலைக்குச் சோலை மரமே வேண்டும். புல்வெளிக்கு மரமே வேண்டாம். முட்காட்டை முட்காடாகவே காப்போம். நம் ஊர் முற்றத்துக்கும் சாலைக்கும் வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல், புளி ஆகியவை இருக்க, வேறு என்ன குறை?

நம் பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். முதலாவது, பசுமைப் படை மாணவியர் ஆண்டுதோறும் கன்று நடும்போது, அந்த மரம் எந்த உயரத்துக்கு உரியது என்று எழுதிய ஒரு சிறு பலகையை உடன் நடுவது. இரண்டாவது, நட்ட எண்ணிக்கையை ஆண்டு விழாவில் வாசிப்பதற்குப் பதிலாக, முந்தைய ஆண்டு நட்டதில் பிழைத்தவற்றின் எண்ணிக்கையை வாசிப்பது. எங்கள் வகுப்பின் கணக்கு ஆறுக்குப் பூச்சியம் என்பதை முதலில் வாசிக்க நாங்கள் அணியமாக இருக்கிறோம். மூன்றாவது, சுற்றுலாவுக்கு மலையேறும்போது, வளைவுக்கு வளைவு மரம் எப்படி மாறுகிறது என்று குறித்துவர ஒரு குறிப்பேட்டைக் கையில் கொடுப்பது. தின்பண்டப் பையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நட்டமில்லை.

வேலியோரத்துத் துரிஞ்சி இப்போது எங்கள் தோளைத் தாண்டிவிட்டது. காய்ந்த சைப்ரஸ் குச்சிகளைப் பிடுங்கிய குழிகளில், ஆடி மழைக்குப் பின் ஆறு வேப்பங்கன்றுகளை நட்டோம். ஐந்து தழைத்திருக்கின்றன. ஒன்றை ஆடு கடித்துவிட்டது. அதற்கு உயரம் காரணமல்ல, எங்கள் கவனக்குறைவே காரணம் என்று ஒப்புக்கொள்கிறோம்.

கிறிஸ்துமஸ் வரும்போது விண்மீனை எதில் கட்டுவது என்று தங்கைமார் கேட்கிறார்கள். குடிலுக்குப் பின்னால் கிணற்றடியில் நிற்கும் முதிய வேப்ப மரத்தைக் காட்டினோம். "வேப்ப மரத்திலா?" என்று முகம் சுளித்தார்கள். ஆம், வேப்ப மரத்தில்தான். இந்த ஊர் வெயிலையும் இந்த ஊர் மண்ணையும் தாங்கி, யார் உதவியுமின்றி நமக்கு நிழல் தந்து நிற்கும் மரம் அது. வரும் டிசம்பரில் அதன் கிளையில் விண்மீன் ஒளிரும்போது, பெற்றோரும் அருட்சகோதரியரும் வந்து பார்க்க வேண்டுமென அன்புடன் அழைக்கிறோம்.

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி